ஒரே அணியில் நண்பர்கள், இரு பக்கமும் சமபலம்: வாசகர் கேள்வி பதில்

இணைய வழி அணி ஆட்டங்கள் பற்றி இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே முடிச்சைச் சுற்றியவை. நண்பர்களோடு சேர்ந்து ஆட வேண்டும், ஆட்டம் ஒருதலையாகவும் போகக் கூடாது. இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றோடொன்று மோதுபவை. எவ்வளவு மோதும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம் என்பதால் எண்களோடு பதில் எழுதியிருக்கிறோம்.

கே: நாங்கள் பத்துப் பேர். வாரத்துக்கு ஒருநாள் தனி லாபி (நாங்கள் மட்டும் சேரும் ஆட்ட அறை) போட்டு 5-க்கு 5 ஆடுகிறோம். இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுக்கிறார்கள். முதலில் எடுக்கும் கேப்டனின் அணியே அதிகம் ஜெயிக்கிறது. எங்கே தப்பு?

ப: மாறி மாறி எடுப்பதில்தான் தப்பு. ஒவ்வொரு சுற்றிலும் முதல் கேப்டனுக்கு ஒரு படி மேலான ஆள் கிடைக்கிறார். ஐந்து சுற்றில் அது சேர்ந்துகொண்டே போகிறது.

பத்துப் பேரின் ரேட்டிங், அதாவது திறமையைக் காட்டும் எண், இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 1850, 1700, 1620, 1550, 1500, 1450, 1400, 1320, 1250, 1100. மொத்தம் 14740. சரிபாதி 7370. மாறி மாறி எடுத்தால் முதல் அணிக்கு 7620, இரண்டாவது அணிக்கு 7120. ஆளுக்குச் சராசரியாக 100 புள்ளி வித்தியாசம். சதுரங்கத்தில் பழகிய ஈலோ கணக்குப்படி 100 புள்ளி கூடுதலாக இருப்பவருக்கு வெற்றி வாய்ப்பு 64 சதவீதம். 50 என்றால் 57, 200 என்றால் 76, 400 என்றால் 91. ஒரு அணியில் ஐந்து பேருமே சராசரியாக 100 கூடுதல் என்றால் தாக்கம் இன்னும் பெரிதாகவே இருக்கும். ஆகவே 64 என்பதைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு வரிசையில் எடுத்துப் பாருங்கள்: அ, ஆ, ஆ, அ, அ, ஆ, ஆ, அ, அ, ஆ. முதலில் எடுத்தவர் அடுத்த இரண்டு முறை காத்திருப்பார். அதே பத்துப் பேரில் அ அணிக்கு 1850, 1550, 1500, 1320, 1250 வரும், மொத்தம் 7470. ஆ அணிக்கு 7270. ஐநூறாக இருந்த இடைவெளி இருநூறாகிவிட்டது.

இதோடு நிறுத்தாமல் ஒரு இடமாற்றம் தேடுங்கள். இடைவெளி 200 என்றால் அதில் பாதி, அதாவது 100 புள்ளி வித்தியாசமுள்ள இருவரை மாற்றினால் சமமாகும். அ அணியின் 1550-ஐயும் ஆ அணியின் 1450-ஐயும் மாற்றுங்கள். இரு பக்கமும் 7370. காகிதத்தில் இரண்டு நிமிட வேலை. பத்துப் பேரை ஐந்தைந்தாகப் பிரிக்க மொத்தம் 126 வழிகள்தான் உண்டு என்பதால், குழுவில் யாருக்காவது சின்ன நிரல் எழுதத் தெரிந்தால் 126-ஐயும் சோதித்து மிக நெருக்கமான பிரிப்பைக் கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும்.

கூட்டுத்தொகை சமம் என்பதால் அணி சமம் ஆகிவிடாது. குணப்படுத்துபவர், முன்னால் நின்று அடி வாங்குபவர், தூரத்திலிருந்து சுடுபவர் என்று பங்கு பிரித்து ஆடும் ஆட்டங்களில், நல்ல குணப்படுத்துபவர் இருவரும் ஒரே பக்கம் போய்விட்டால் 7370 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. ஓவர்வாட்ச் என்ற சுடும் ஆட்டம் 2019-இல் பங்கு வாரியாக ஆட்டத்துக்கு வரிசையில் நிற்கும் முறையைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பங்குக்கும் தனி ரேட்டிங் கொடுத்ததன் காரணம் இதுதான். நீங்களும் முதலில் அரிதான பங்கை ஆடுபவர்களை ஆளுக்கொரு பக்கம் நிறுத்துங்கள். மிச்சப் பேரை அப்புறம் பாம்பு வரிசையில் எடுங்கள்.

கே: எங்கள் குழுவில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் நெருங்கிய நண்பர்கள். பிரித்துப் போட்டால் முகம் வாடிவிடுகிறது. சில நாள் மூன்றாவது ஆளும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். என்ன செய்வது?

ப: "இவர்களைப் பிரிக்கக் கூடாது" என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கையில் இருக்கும் வழிகள் எப்படிச் சுருங்குகின்றன என்று முதலில் பாருங்கள். யாருக்கும் நிபந்தனை இல்லை என்றால் 126 வழி. ஒரு ஜோடி ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்றால் 56. மூவர் என்றால் 21. நால்வர் என்றால் 6. ஐவர் என்றால் ஒன்றே ஒன்று: அவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். ஜோடி வரை சமாளிக்கலாம். மூவரிலிருந்து கழுத்து இறுகத் தொடங்கும்.

மேலே சொன்ன பத்துப் பேரையே எடுத்துக்கொள்வோம். 1850, 1700 இருவரும் சேர்ந்தால் 3550. மிச்ச மூவரிடமிருந்து 3820 வேண்டும். 1400, 1320, 1100 என்று எடுத்தால் சரியாக 7370. எதிரணி 1620, 1550, 1500, 1450, 1250, அதுவும் 7370. எண்ணில் துல்லியமான சமநிலை. ஆனாலும் களத்தில் ஜோடி இருக்கும் பக்கமே கை ஓங்கும். பழகிய இருவர் பேசாமலே ஒருவர் நகர்வை இன்னொருவர் ஊகிப்பார்கள். ஒருவர் சுடும் கோணத்தை மற்றவர் காப்பார், ஒருவர் விழுந்தால் மற்றவர் அந்த நொடியே பதிலடி கொடுப்பார். தனித்தனி ரேட்டிங்கில் இந்தப் பலம் எங்கும் பதிவாகாது.

அதனால் ஜோடிக்குக் கூட்டுப் புள்ளி என்று ஒன்றைச் சேருங்கள். எவ்வளவு என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். தொடக்கத்துக்கு ஜோடியில் ஆளுக்கு 40, மூவர் என்றால் ஆளுக்கு 60 என்று வைத்துப் பாருங்கள். மேலே உள்ள அணியில் 80 கூடும், 7450 ஆகிவிடும். இப்போது அவர்கள் பக்கத்து 1320-ஐயும் எதிரணியின் 1250-ஐயும் மாற்றினால் 7380-க்கு 7440. பரவாயில்லை, ஆடலாம்.

இந்த 40, 60 எல்லாம் ஊகம்தான். உங்கள் பதிவேடுதான் சரியான எண்ணைச் சொல்லும். ஜோடி சேர்ந்து ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பே கணக்கிட்ட வெற்றி வாய்ப்பை எழுதி வையுங்கள். 20 ஆட்டத்தில் 10 வெற்றி எதிர்பார்த்த இடத்தில் 12, 13 வருவது தற்செயலாகவும் நடக்கும், அதை வைத்துக் கூட்டுப் புள்ளியை மாற்றாதீர்கள். 40 ஆட்டத்தில் 20 எதிர்பார்த்து 27 வந்தால் ஜோடிக்குக் கொடுத்த புள்ளி போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஆளுக்கு 20 கூட்டுங்கள்.

முதல் மூவரும் சேர்ந்தே தீருவோம் என்றால்? 1850, 1700, 1620 சேர்ந்து 5170. இருப்பதிலேயே கீழே உள்ள 1250, 1100 இருவரையும் அவர்களோடு போட்டாலும் 7520. எதிரே 7220. கூட்டுப் புள்ளி சேர்க்காமலே 59 சதவீதம். சேர்த்தால் இன்னும் மேலே. இதை எந்த இடமாற்றமும் சரிசெய்யாது. அப்படிப்பட்ட நாளில் மூன்று ஆட்டத்தில் ஒன்றை மட்டும் அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள், மற்ற இரண்டும் எண் சொல்லும் பிரிப்பு. இதை லாபி திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சேர்ந்து ஆட ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அதன் செலவை எதிரே நிற்கும் ஐந்து பேர் தலையில் கட்டுவதுதான் தப்பு.

கே: ரேட்டிங் ரேட்டிங் என்கிறீர்கள். தனி லாபியில் ஆடும் எங்களுக்கு அதை யார் கொடுப்பார்கள்?

ப: நீங்களேதான். எல்லோருக்கும் 1500 என்று தொடங்கலாம். நெடுநாள் பழகிய குழு என்றால் வலுவானவர்களுக்கு 1700, நடுவில் இருப்பவர்களுக்கு 1500, புதியவர்களுக்கு 1300 என்று மூன்று படியாகத் தொடங்குவது வேகமாகப் பலன் தரும். ஆட்டம் முடிந்ததும் எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை 32-ஆல் பெருக்கி அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் சேருங்கள். 56 சதவீத வாய்ப்புள்ள அணி ஜெயித்தால் ஆளுக்கு 14 கூடும். தோற்றால் 18 குறையும். எதிரணிக்கு அதே எண் தலைகீழாக.

வெற்றி வாய்ப்பைக் கணக்கிட: எதிரணி சராசரியிலிருந்து உங்கள் அணிச் சராசரியைக் கழித்து 400-ஆல் வகுங்கள். வந்த எண்ணை 10-இன் அடுக்காக்கி அதோடு 1 கூட்டுங்கள். 1-ஐ அந்தத் தொகையால் வகுத்தால் விடை. விரிதாளில் ஒரு கட்டத்தில் ஒருமுறை எழுதி வைத்தால் போதும்.

பொறுமை வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உருவான ட்ரூஸ்கில் என்ற முறை 2005-இல் எக்ஸ்பாக்ஸ் லைவில் வந்தது. அதில் புதிய ஆட்டக்காரருக்கு 25 என்ற மதிப்பும், அந்த மதிப்பின் மேலேயே 8.33 என்ற ஐயமும் கொடுப்பார்கள். ஐயத்தை மூன்று மடங்காக்கிக் கழித்துத்தான் பட்டியலில் காட்டுவார்கள், அதனால் எல்லோரும் சுழியத்தில் தொடங்குவார்கள். ஒருவரின் திறமையை அடையாளம் காண அந்த முறைக்கு ஒருவருக்கு ஒருவர் ஆட்டம் என்றால் ஏறக்குறைய 12 போதும். 4-க்கு 4 என்றால் 46. 8-க்கு 8 என்றால் 91. அணி பெருக்கப் பெருக்க, வெற்றி அல்லது தோல்வி என்ற ஒரே தகவலை அத்தனை பேருக்கும் பங்கிட வேண்டியிருக்கிறது. அதுதான் காரணம்.

நண்பர் குழுக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. எப்போதும் ஒன்றாகவே ஆடும் இருவரில் யார் சுமக்கிறார், யார் சுமக்கப்படுகிறார் என்று வெற்றி தோல்வியை மட்டும் பார்க்கும் எந்தக் கணக்காலும் பிரித்தறிய முடியாது. இருவர் எண்ணும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறையாவது அவர்களை எதிரெதிரே நிறுத்தினால்தான் எண் உண்மையாகும்.

வீழ்த்திய எண்ணிக்கையை ரேட்டிங்கில் சேர்க்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். சிறு குழுவில் வேண்டாம். சேர்த்த மறுநாளே ஆளாளுக்கு எண்ணிக்கை வேட்டைக்குப் போவார்கள். கொடியைத் தூக்குபவரும் காயம் ஆற்றுபவரும் நட்டப்படுவார்கள்.

கே: நான் எப்போதும் தனியாகத்தான் ஆடுவேன். எதிரே ஒரே குழுப் பெயர்க்குறியோடு நாலைந்து பேர் வரும்போது தோல்வி நிச்சயம் என்று தெரிந்துவிடுகிறது. இதை ஆட்டம் தயாரிப்பவர்கள் கவனிக்கவே மாட்டார்களா?

ப: கவனிக்கிறார்கள், ஆளுக்கொரு வழியில்.

முதல் வழி குழுவின் அளவையே கட்டுப்படுத்துவது. வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் 15-க்கு 15 ஆட்டத்தில் ஒரு பிளாட்டூனில், அதாவது சேர்ந்து வரும் நண்பர் குழுவில், அதிகபட்சம் மூவர். பதினைந்தில் மூவர் ஒருங்கிணைந்தாலும் மற்ற பன்னிரண்டு பேரின் ஏற்ற இறக்கத்தில் அது ஓரளவு கரைந்துவிடும்.

இரண்டாவது, வரிசையைத் தனித்தனியாகப் பிரிப்பது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் 2016-இல் எந்த அளவுக் குழுவும் தனி ஆளும் ஒரே ரேங்க் (தரநிலை) ஆட்ட வரிசையில் நின்றார்கள். தனியாக ஆடுபவர்களிடம் அது பெரும் மனக்குறையைக் கிளப்பியது. தன் ரேங்க் தன் திறமையைக் காட்டுகிறதா, கிடைத்த துணையைக் காட்டுகிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2017 சீசனில் தனி ஆள் மற்றும் ஜோடிக்கு ஒரு வரிசை, குழுக்களுக்கு ஃப்ளெக்ஸ் என்று வேறொரு வரிசை என்று பிரித்துவிட்டார்கள். எங்களைக் கேட்டால் இருப்பதில் நேர்மையான தீர்வு இதுதான். ஆட்டக்காரர்கள் ஏராளமாக இருக்கும் ஆட்டத்துக்கு மட்டுமே இது கட்டுபடியாகும். கூட்டம் குறைந்த ஆட்டத்தில் வரிசையைப் பிரித்தால் இரண்டிலும் ஆள் சேராது.

மூன்றாவது, குழுவின் கூடுதல் பலத்தைக் கணக்கிலேயே சேர்ப்பது. 2018-இல் வெளிவந்த ட்ரூஸ்கில் 2 ஒருவர் ஸ்குவாடோடு (நண்பர் குழுவோடு) வந்திருக்கிறாரா என்பதையும் பார்க்கிறது. அதோடு அனுபவம், வீழ்த்திய எண்ணிக்கை, பாதியில் விட்டுப் போகும் பழக்கம் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்கிறது.

இத்தனையும் இருந்தும் நீங்கள் சொல்வது நடக்கிறதென்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம். ஆள் சேர்க்கும் நிரல் முதல் சில நொடிகள் உங்கள் ரேட்டிங்குக்கு மிக நெருக்கமானவர்களை மட்டும் தேடும். கிடைக்காவிட்டால் வலையை அகலமாக்கும். குழுவுக்கு எதிரே குழு என்ற விருப்பத்தையும் அப்போதுதான் தளர்த்தும். பின்னிரவில் ஆட்கள் குறைவு, வலை சீக்கிரம் அகலும். ஆகவே ரேங்க் முக்கியம் என்றால் கூட்டம் உள்ள மாலை நேரத்தில் ஆடுங்கள். தனி ஆளுக்கென்று வரிசை இருந்தால் அதில் நில்லுங்கள். இல்லையென்றால், நன்றாகப் பேசி ஆடிய ஒரே ஒருவரை ஆட்டம் முடிந்ததும் நண்பர் பட்டியலில் சேருங்கள்.  சொன்னதைக் கேட்டு நகர ஒரு ஆள் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கே: வாலரன்ட்டில் நால்வராக ரேங்க் ஆட முடியவில்லை. மூவர் சரி, ஐவர் சரி, நால்வருக்கு மட்டும் என்ன தடை?

ப: அணிக்கு ஐவர் என்பதால், உங்களுக்காக அல்ல, அந்த ஐந்தாவது ஆளுக்காகத்தான் அந்தத் தடை. நால்வர் தங்களுக்குள் தனி அழைப்பில் பேசிக்கொண்டிருப்பார்கள், அவருக்கு எதுவும் காதில் விழாது. தோற்றால் பழி அவர்மேல்.  மூவரோடு இருவர் சேரும்போது அந்த இருவருக்கு ஒருவருக்கொருவர் துணை இருக்கும். அதனால்தான் ரேங்கில் 1, 2, 3, 5 மட்டும். ஜோடிக்கும் மூவருக்கும் ரேங்க் இடைவெளியில் எல்லை உண்டு. ஐவர் எந்த ரேங்கோடும் சேரலாம், ஆனால் இடைவெளி பெரிதாக இருந்தால் கிடைக்கும் புள்ளி குறையும். நால்வர் சேர்ந்த நாளில் ரேங்க் இல்லாத ஆட்டங்களுக்குப் போங்கள்.

கே: என் ரேட்டிங் 1900. புதிதாகத் தொடங்கிய என் தம்பிக்கு 900. இருவரும் சேர்ந்தால் எதிராளிகள் எனக்குச் சப்பென்று இருக்கிறார்கள், அவனோ நிமிடத்துக்கு ஒருமுறை விழுகிறான். சராசரி எடுத்துத்தானே சேர்க்கிறார்கள், பிறகு ஏன் இப்படி?

ப: சராசரி எடுப்பதால்தான் இப்படி. 1900, 900 சராசரி 1400. அந்த எண்ணின்படி உங்கள் எதிரே இரண்டு 1400 வருவார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் 500 இடைவெளி, அவர்களுக்கும் தம்பிக்கும் 500 இடைவெளி. களத்தில் இருக்கும் யாருக்கும் அது நல்ல ஆட்டம் இல்லை.

பெரும்பாலான சுடும் ஆட்டங்களில் 1900 ஆடும் ஒருவர் 1400 இருவரைத் தனியாகவே அடக்கிவிடுவார். கீழே உள்ளவர் இழப்பதைவிட மேலே உள்ளவர் தருவது அதிகம். அதனால் சராசரியை மட்டும் நம்பும் ஆட்டத்தில் வலுவானவர் புதுக் கணக்கு ஒன்றைக் கூட்டிவந்து ரேங்க் ஏற்றிவிடும் வழி திறந்துகிடக்கும். இதைத் தடுக்கச் சில ஆட்டங்கள் குழுவின் எண்ணை மேலே உள்ளவர் பக்கம் சாய்க்கின்றன. உங்கள் சொந்த லாபியில் இதைச் செய்ய எளிய வழி: சராசரியையும் உச்சத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். 1400-உம் 1900-உம் சேர்ந்து 1650 வரும். எதிரே 1650 இருவர் என்றால் ஆட்டம் ஓரளவு நிற்கும்.

தம்பிக்கோ 1650 இன்னும் கடினம். ரேங்க் ஆட்டம் அவருக்குக் கற்கும் இடமே அல்ல. கணினி எதிராளிகளோடு ஆடும் முறையிலும் ரேங்க் இல்லாத ஆட்டத்திலும் சேர்ந்து பழகுங்கள். நீங்கள் வழக்கமாக எடுக்காத ஆயுதத்தையோ பாத்திரத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள், இடைவெளி உண்மையாகவே குறையும். கீழ் ரேட்டிங்கில் ஆட வேண்டும் என்பதற்காகப் புதுக் கணக்கு மட்டும் திறக்காதீர்கள். அது ஸ்மர்ஃப். எதிரே இருக்கும் புதியவர்களின் மாலைப்பொழுதைக் கெடுத்துவிடும்.

கே: பத்துப் பேர் வரவேண்டிய நாளில் ஒன்பது பேர்தான் வருகிறோம். 5-க்கு 4 ஆடினால் ஐவர் பக்கமே எப்போதும் ஜெயிக்கிறது. ஒரு ஆள் குறைந்தால் இவ்வளவு வித்தியாசமா?

ப: ஆமாம், நினைப்பதைவிட அதிகம். தூரத்திலிருந்து சுட்டுக்கொள்ளும் சண்டையில் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப நிற்கும் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் முதல் உலகப் போர்க் காலத்தில் எழுதினார். ஐவருக்கு நால்வர் என்றால் 25-க்கு 16. நால்வரில் ஒவ்வொருவரும் எதிராளியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஆடினால்தான் ஈடாகும். முதல் ஆள் விழுந்ததும் 25-க்கு 9 ஆகிவிடும், அதற்குப் பிறகு மீள்வது அபூர்வம். நெருங்கி ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டங்களில் இந்த விதி இவ்வளவு கடுமையாக வேலை செய்யாது.

வழிகள் சில. ஒன்பதை மூன்றால் வகுக்கலாம். மும்முனை ஆட்டத்துக்கு இடம் தரும் எதிலும் 3, 3, 3 என்று பிரிந்தால் எவரும் வெளியே உட்கார வேண்டாம். அது இல்லாவிட்டால் 4-க்கு 4 ஆடி ஒருவர் வெளியே. யார் வெளியே என்பதை முன்பே எழுதிய வரிசைப்படி மாற்றுங்கள். "தோற்ற பக்கத்திலிருந்து ஒருவர் உட்காரட்டும்" என்ற விதி வேண்டவே வேண்டாம், நலிந்தவர்களே திரும்பத் திரும்ப உட்கார வேண்டிவரும். வெளியே இருப்பவர் பார்வையாளராக இருந்து அடுத்த பிரிப்பைக் கணக்கிடலாம். 5-க்கு 4 ஆடியே ஆக வேண்டும் என்றால் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களை நால்வர் பக்கம் கொடுங்கள். நண்பர் ஜோடி ஒன்று இருந்தால் அதையும் அந்தப் பக்கமே வையுங்கள். குழுப் பலம் குறையாகாமல் மருந்தாகும் இடம் இது ஒன்றுதான்.

கே: சொந்தமாக சர்வர் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வரலாம். தானாக அணியைச் சமன்செய்யும் வசதியைப் போட்டால் நண்பர்களைப் பிரித்துவிட்டது என்று சண்டை. எடுத்துவிட்டால் எல்லோரும் ஜெயிக்கும் பக்கம் குவிகிறார்கள்.

ப: உங்கள் சர்வரில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக், டீம் ஃபோர்ட்ரஸ் 2 போன்றவற்றில் எண்ணிக்கை வித்தியாசத்துக்கு வரம்பு வைக்கும் அமைப்பு ஒன்று, ஆளைத் தூக்கி மறுபக்கம் போடும் அமைப்பு வேறொன்று. முதலாவதை ஒருபோதும் எடுக்காதீர்கள். வரம்பு 1 அல்லது 2 என்று இருக்கட்டும். நிரம்பிய பக்கத்தில் சேரவே முடியாது என்றால் குவிவது அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவதுதான் சண்டைக்குக் காரணம். அது எண்ணிக்கையை மட்டும் பார்க்கும், திறமையைப் பார்க்காது. 12-க்கு 12 இருக்கும்போதே ஒரு பக்கம் நசுங்கிக்கொண்டிருக்கலாம், அப்போது அது அசையாது. தோற்கும் பக்கத்தில் இருவர் வெறுத்துப்போய் வெளியேறிய பிறகு, முன்னிலையில் இருப்பவர் ஒருவரைப் பிடுங்கித் தோற்கும் பக்கம் போடும். இருபது நிமிடம் உழைத்தவருக்குக் கடைசி நிமிடத்தில் தோல்வி. அவரும் வெளியேறுவார், சங்கிலி தொடரும்.

யாரை நகர்த்துவது என்பதற்கு விதி எழுதுங்கள். கடைசியாக உள்ளே வந்தவர் முதலில். சுற்று முடிந்த இடைவேளையில் மட்டும். கொடி போன்ற இலக்கைக் கையில் வைத்திருப்பவரைத் தொடக் கூடாது. ஒருமுறை நகர்த்தியவரை அடுத்த இருபது நிமிடத்துக்கு மறுபடி நகர்த்தக் கூடாது. புள்ளி வழங்கும் சர்வர் என்றால் நகர்த்தப்பட்டவருக்கு எந்தப் பக்கம் ஜெயித்தாலும் வெற்றிப் புள்ளி கொடுங்கள். எதிர்ப்பில் பெரும்பகுதி இந்த ஒன்றிலேயே அடங்கிவிடும்.

குழுவாக வந்தவர்களை உடைக்காமல் முழுதாகவே நகர்த்துங்கள். மூவர் அந்தப் பக்கம் போனால் தனியாக வந்த மூவர் இந்தப் பக்கம் வரவேண்டும். இது நடக்க வேண்டுமானால் குழுவின் அளவுக்கு எல்லை தேவை. 12-க்கு 12 சர்வரில் நால்வருக்கு மேல் ஒரே குழுவாக ஏற்காதீர்கள். ஆறு பேர் சேர்ந்து வந்தால் மூவர் மூவராகப் பிரிந்து நிற்கச் சொல்லுங்கள். எதிரெதிரே நின்றாலும் ஒரே சர்வரில்தானே ஆடுகிறார்கள்.

இரண்டு சுற்று தொடர்ந்து ஒருதலையாகப் போனால் மூன்றாவது தொடங்கும் முன் எல்லோரையும் கலந்துவிடுங்கள். டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் சுற்று வித்தியாசத்தைப் பார்த்துத் தானாகக் கலக்கும் அமைப்பே உண்டு. ஒரு சுற்றிலேயே கலப்பது அவசரம். நான்கு சுற்று காத்திருந்தால் கலக்க ஆள் மிஞ்ச மாட்டார்கள்.

கே: வெளியூர் நண்பர் ஒருவருக்கு மட்டும் பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், மில்லிநொடியில்) 180. மற்றவர்களுக்கு 30. அவரை எப்படிக் கணக்கிடுவது?

ப: எந்த சர்வரில் ஆடுகிறீர்களோ, அந்த சர்வரில் அவர் ஆடிய ஆட்டங்களுக்குத் தனி ரேட்டிங் வையுங்கள். பிங் பாதிப்பு அதிலேயே அடங்கிவிடும். மூலையில் திடீரென்று எட்டிச் சுடும் பங்கைவிட, முன்கூட்டியே இடம் பிடித்துக் காப்பதும் துணைக்கு நிற்பதும் அவருக்குக் குறைவான நட்டம் தரும். தொலைவில் இருப்பவர்கள் இருவர் உண்டென்றால் ஆளுக்கொரு பக்கம் போடுங்கள், நடுவில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுங்கள்.

கே: குழுவில் ஒருவர் மிகவும் பின்தங்கியவர். அவர் பெயர் எந்த அணிக்கு வந்தாலும் அந்தப் பக்கம் முனகல் கேட்கிறது. அவர் காதிலும் விழுகிறது. எப்படிச் சரிசெய்வது?

ப: முதலில், எல்லோர் முன்னாலும் ஆள் எடுக்கும் முறையை நிறுத்துங்கள். கடைசியாக எடுக்கப்படுபவர் யார் என்று வாரந்தோறும் சத்தமாக அறிவிக்கும் முறை அது. ஒருவர் தனியாக உட்கார்ந்து கணக்கிட்டு இரண்டு அணிப் பட்டியலையும் முடிந்த நிலையில் ஒன்றாக வெளியிடட்டும். ரேட்டிங் எண்களைப் பொதுவில் ஒட்ட வேண்டாம்.

அடுத்து, மிக வலுவானவரோடு அவரை எப்போதும் கட்டிப்போடாதீர்கள். எண்ணுக்கு அது பொருந்தும், அவருக்குப் பொருந்தாது. வலுவானவர் முன்னால் ஓடிவிடுவார், இவர் பின்னால் தனியாக விழுவார். நிதானமாகப் பேசும் நடுத்தர ஆட்டக்காரர் ஒருவரோடு சேருங்கள். அந்தத் துணை அவருக்கு ஒரு சுற்றில் ஒரே ஒரு வேலை சொல்லட்டும்: "இந்தக் கதவை மட்டும் பார், யாராவது வந்தால் சுட வேண்டாம், சொன்னால் போதும்." மைக்கில் நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினால் அவரால் எதையும் செய்ய முடியாது.

அவர் ரேட்டிங் மெய்யாகவே கீழே இருந்தால் அதைக் கீழேயே பதிவு செய்யுங்கள். இரக்கப்பட்டு 1300 என்று எழுதி உண்மையில் 1000 ஆடுபவராக இருந்தால், அவர் இருக்கும் அணி ஒவ்வொரு முறையும் 300 புள்ளி குறைவோடு இறங்கும், தோற்கும், முனகல் தொடரும். 1000 என்று எழுதினால் கணக்கு அவர் பக்கத்துக்கு வலுவான ஆட்களைத் தரும், அவர் அணியும் பாதி ஆட்டம் ஜெயிக்கும். முனகலுக்கு அப்போது காரணம் இருக்காது.